கன்ஸ் அண்ட் ரோசஸ்: அல்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் டூர் போய்விடும்

தம்பி, நிலாவெளி ஹோட்டலில் வேலை முடிந்து நீங்களும் உங்கள் இரண்டு கூட்டாளிமாரும் உப்புவெளிக் கடற்கரையில் இருந்து இரவிரவாகப் பிடித்த வாக்குவாதத்தை எழுதி, மூன்று கேள்வி கேட்டிருந்தீர்கள். அமெரிக்க ரொக் குழுவான கன்ஸ் அண்ட் ரோசஸின் புது அல்பம் முடிந்து, அதை வெளியிடும் இசைக் கம்பனியின் பெட்டிக்குள் கிடக்கிறது என்கிறார் ஒருவர், உண்மையா? அல்பம் வந்தால்தானே அடுத்த டூர், அப்படியானால் அது எப்போது? கொழும்புத் தேதி போட்ட போஸ்டர் ஒன்று போனில் சுற்றுகிறது, அதை நம்பி இருக்கவா, இல்லை மும்பாய்க்குப் போகக் காசு சேர்க்கவா?

பதிலை முதலே சொல்லிவிடுகிறேன், விளக்கம் பிறகு. காசைச் சேருங்கள், மும்பாய்க்கு. போஸ்டரை அழித்துவிடுங்கள். அல்பத்தையும் டூரையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதை விடுங்கள், ஏனென்றால் இந்தக் குழுவில் அந்த முடிச்சு அவிழ்ந்து இருபத்தைந்து வருடமாகிறது. வாயால் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தால் உங்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். கையால் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது.

நான் திருகோணமலையில் கோயில் திருவிழா, கல்யாண வீடு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி என்று பொக்ஸ் கட்டிச் சவுண்ட் கொடுக்கிறவன். அதற்கு முதல், 2006இலிருந்து 2018 வரைக்கும் டுபாயில், மேடை நிகழ்ச்சிகளுக்குச் சவுண்ட் வாடகைக்குக் கொடுக்கும் ஒரு கம்பனியில் இருந்தேன். வயர் சுற்றுவதில் தொடங்கி மிக்ஸருக்கு முன்னால் நிற்கும் வரைக்கும் போனேன். வெளிநாட்டுக் குழு ஒன்று வந்து இறங்கினால் முன்கூட்டி என்னென்ன நடக்கும், எத்தனை மாதத்துக்கு முதல் நடக்கும் என்பதைக் கிட்ட நின்று பார்த்தவன். அதைவிட முக்கியம், இந்தக் குழுவின் அல்பத்துக்காக ஒருமுறை பதினைந்து வருடம் காத்திருந்தவன்.

1992இல் எனக்குப் பதின்மூன்று வயது. கொழும்பில் வேலை பார்த்த மாமா ஒருவர் 'யூஸ் யுவர் இல்லூஷன்' முதலாம் பாகத்தை யாரோ ஒருவருடைய சிடியிலிருந்து தொண்ணூறு நிமிடக் கசெட்டில் பதிந்து கொண்டுவந்தார். அந்த அல்பம் மொத்தம் 76 நிமிடம், கசெட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம். பத்தாவது பாட்டு 'நவம்பர் ரெய்ன்', ஒன்பது நிமிடத்துக்குக் கிட்ட, அது மட்டுமட்டாக முதல் பக்கத்துக்குள் அடங்கிவிடும். அடுத்தது 'த கார்டன்'. அது தொடங்கி ஒரு நிமிடம் தாண்டியதும் நாடா டக்கென்று முடிந்துவிடும். மறுபக்கத்தில் மாமா அதற்கடுத்த பாட்டிலிருந்து பதிந்திருந்தார். மாரி காலத்தில் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும், ஓடிக்கொலோன் தொட்ட பஞ்சால் ஹெட்டைத் துடைத்துத் துடைத்து அந்தக் கசெட்டை வருடக்கணக்கில் ஓட்டினேன். 'த கார்டன்' முழுப் பாட்டையும் டுபாய்க்குப் போன பிறகுதான் முதன்முதலாகக் கேட்டேன். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகு பாட்டு எப்படிப் போகும் என்று என் மனதுக்குள் நானே ஒன்று கட்டி வைத்திருந்தேன். அசல் அதுபோல் இல்லவே இல்லை. வராத அல்பத்தைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் இதுதான் நடக்கிறது, ஒரு நிமிடத்தைக் கேட்டுவிட்டு மிச்சத்தை நாமே பாடிக்கொள்கிறோம்.

சரி, கதைக்கு வருகிறேன். 'இல்லூஷன்' இரண்டு பாகமும் 1991 செப்டம்பரில் ஒரே நாளில் வந்தன. 1993 நவம்பரில் மற்றவர்களுடைய பாட்டுகளைப் பாடிய அல்பம் ஒன்று வந்தது. 1996இல் கிட்டார்காரர் ஸ்லாஷ் போனார், 1997இல் பேஸ் கிட்டார்காரர் டஃப் போனார், பாடகர் அக்ஸல் ரோஸ் பழைய கீபோர்ட்காரர் டிஸி ரீடோடு மிஞ்சினார். அடுத்த சொந்த அல்பம் 'சைனீஸ் டிமோக்ரஸி' வந்தது 2008 நவம்பர் 23இல். 'இல்லூஷன்' தொடங்கி எண்ணினால் பதினேழு வருடம். இடையில் கிட்டார்காரர்கள் மட்டும் ரொபின் ஃபிங்க், பக்கெட்ஹெட், பம்பிள்ஃபுட், ரிச்சர்ட் ஃபோர்ட்டஸ் என்று வந்தபடியும் போனபடியும் இருந்தார்கள். ஜோஷ் ஃப்ரீஸ் அடித்துப் பதிந்து வைத்த ட்ரம்ஸை, அவர் போன பிறகு பிரெய்ன் வந்து திரும்ப அடித்தார். பக்கெட்ஹெட்டுக்காக ஸ்டூடியோவுக்குள் கோழிக்கூடு ஒன்றே கட்டினார்கள். 2005இல் நியூயோர்க் டைம்ஸ் இந்த அல்பத்தின் செலவு அதுவரைக்கும் 1 கோடி 30 லட்சம் டொலர் என்று எழுதியது. அதற்கு முந்தின வருடமே கம்பனி பொறுமை இழந்து, குழு விரும்பாமலேயே பழைய பாட்டுகளைத் திரட்டி ஒரு தொகுப்பை வெளியிட்டுவிட்டது.

இப்போது கவனியுங்கள். அந்த அல்பம் வராமல் இருந்த காலம் முழுக்க அவர்கள் வீட்டில் இருக்கவில்லை. 2001 ஜனவரியில் பிரேசிலின் ரொக் இன் ரியோ விழா மேடையில் 'சைனீஸ் டிமோக்ரஸி', 'மடகாஸ்கர்' எல்லாம் பாடிவிட்டார்கள், அல்பம் வருவதற்கு ஏழு வருடமும் பத்து மாதமும் முன்பு! 2002இல் டூர். 2006இலும் 2007இலும் டூர். கடையில் அல்பம் இல்லை, அதன் பாட்டுகள் மேடையில் இருந்தன. உங்கள் கூட்டாளி சொல்வதுபோல் அல்பம்தான் முன்னால் போகும் மாடு, டூர் பின்னால் வரும் வண்டி என்றால் இது நடந்திருக்காது.

பிறகு 2016. ஸ்லாஷும் டஃபும் திரும்பி வந்தார்கள். அதிலிருந்து 2019 வரைக்கும் போன 'நாட் இன் திஸ் லைஃப்டைம்' டூர் 58 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது, உலகில் அதுவரை நடந்த டூர்களிலேயே மேல் வரிசையில் வந்தது. அதற்குப் புது அல்பம் எத்தனை? ஒன்றும் இல்லை. ஒரு புதுப் பாட்டுக்கூட இல்லை. இதை ஒரு நிமிடம் அவர்கள் இடத்தில் இருந்து யோசியுங்கள். ஒரு பாட்டும் எழுதாமல் மைதானம் மைதானமாக நிறைகிறது. அல்பம் என்று ஒன்றைப் போட்டால் நான்கு பேர் ஒரே அறையில் மாதக்கணக்கில் இருந்து ஒத்துப்போக வேண்டும், அது 1987இல் வந்த முதல் அல்பத்தோடு ஒப்பிடப்படும், விற்பனையில் கிடைப்பது டூர் காசுக்குப் பக்கத்திலும் வராது. முன்னொரு காலத்தில் அல்பத்தை விற்க டூர் போனார்கள். இப்போது டூர்தான் வியாபாரம், பாட்டு அதற்கான அழைப்பிதழ்.

நான் ஊகத்தில் பேசவில்லை, கடைசி ஐந்து வருடத்தை அடுக்கிப் பாருங்கள். 2021 ஓகஸ்டில் 'அப்ஸர்ட்', பொஸ்டன் ஃபென்வே பார்க் மேடையில் முதலில் பாடி, சில நாளில் வெளியிட்டார்கள், அப்போது அமெரிக்க டூர் ஓடிக்கொண்டிருந்தது. செப்டம்பரில் 'ஹார்ட் ஸ்கூல்', அதே டூரின் நடுவில். 2023 ஓகஸ்டில் 'பெர்ஹாப்ஸ்', டூரின் நடுவில். அது வெளியாவதற்குச் சில நாள் முன்பே அமெரிக்க மதுக்கடைகளின் ஜூக்பொக்ஸ் பெட்டியில் ஏறிவிட்டது, யாரோ சில்லறை போட்டுக் கேட்டுப் பதிந்து உலகத்துக்கே அனுப்பினார்கள். 2023 நவம்பர் தொடக்கத்தில் 'த ஜெனரல்', லொஸ் ஏஞ்சலஸின் 'ஹொலிவூட் போல்' என்ற அரங்கில். 2025 டிசம்பரில் 'நத்திங்', 'அட்லஸ்' என்று இரண்டு, 2026 டூர் அறிவிப்போடு சேர்த்தே வந்தன. ஆறு பாட்டு, ஆறும் டூரின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவை. இதில் ஒழுங்கு ஒன்று தெரிகிறதா இல்லையா?

அடுத்து, "முடிந்து பெட்டிக்குள் கிடக்கிறது" என்ற கதை. இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறது. பெட்டிக்குள் நிறையவே கிடக்கிறது. 'அப்ஸர்ட்' என்பது 2001இலேயே 'சில்க்வோர்ம்ஸ்' என்ற பெயரில் மேடையில் பாடிய பாட்டுத்தான். அதற்குப் பிறகு வந்தவையும் 'சைனீஸ் டிமோக்ரஸி' காலத்து ஒலிப்பதிவுகளில் வேர் உள்ளவை. 2019இல் அந்தக் காலத்துப் பதிவுகள் கூட்டமாகக் கசிந்தபோது எங்களில் பலர் அவற்றைக் கேட்டோம். அக்ஸலின் குரல் அந்த வயதுக்குரிய குரல், ட்ரம்ஸ் இயந்திரம்போல் இறுக்கம். அதன் மேல் இப்போது ஸ்லாஷின் கிட்டாரும் டஃபின் பேஸும் ஏறுகின்றன. அப்படி ஏற்றி, மிக்ஸ் பண்ணி, ஒவ்வொன்றாக விடுகிறார்கள். ஆகவே பெட்டிக்குள் இருப்பது முடிந்த அல்பம் என்பதைவிட, தளம் போட்டு, சுவர் எழுப்பி, கூரை போடாமல் விட்ட வீடுகள் பல. அவற்றில் சிலவற்றுக்குக் கூரை போட்டுக் கொடுக்கிறார்கள். புதிதாக நிலம் வாங்கி அத்திவாரம் வெட்டுவது வேறு வேலை, அதற்கு எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும். ஸ்லாஷ் பேட்டிகளில் புது அல்பம் செய்ய எல்லோருக்கும் மனம் இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார், நான் அதை நம்புகிறேன். ஆனால் அவரும் தன் சொந்தக் குழு, ப்ளூஸ் அல்பம் என்று ஓடுகிறார், இவர்கள் எல்லோரும் கையில் ஒரு திகதியும் இல்லாமல் மூன்று மாதம் ஸ்டூடியோவில் கிடந்தார்கள் என்று நான் இன்னும் கேள்விப்படவில்லை.

என் கணிப்பைக் கேட்டால், அடுத்து வருவதும் இரண்டிரண்டு பாட்டாகத்தான் இருக்கும். ஒரு நாள் அவற்றையெல்லாம் சேர்த்து, இரண்டு மூன்று புதுசும் போட்டு அல்பம் என்று பெயர் வைப்பார்கள். அதை ஏமாற்று என்று உங்கள் கூட்டாளி சொல்லக்கூடும், நான் சொல்ல மாட்டேன். இருபது வருடம் கிடந்த பாட்டு மோசமான பாட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. இதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன், கொஞ்சம் தொழில் விஷயம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2008 நவம்பர் கடைசியில், டுபாயில், 'சைனீஸ் டிமோக்ரஸி' சிடி வாங்கினேன். அறையில் எட்டுப் பேர், அங்கே கேட்க முடியாது. வேலை முடிந்த பிறகு கொடவுனில், சோதிப்பதற்காக வைத்திருந்த ஒரு சோடி மொனிட்டர் ஸ்பீக்கரை மிக்ஸரோடு கொழுவி, தனியே இருந்து போட்டேன். போட்டதும் முதலில் எனக்குப் பட்டது, சத்தம் குறைவு. அந்தக் காலத்து ரொக் சிடி எதைப் போட்டாலும் மிக்ஸரில் மீட்டர் சிவப்புக்குப் போய் அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், பாட்டு மெதுவான இடத்திலும் ஒரே உயரம்தான். கம்பனிகளுக்குள் சத்தப் போட்டி. யாருடைய சிடி வானொலியில் பெரிதாகக் கேட்கிறது என்று பார்த்து, சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கொம்ப்ரெஸர் கருவியால் நசுக்கி நசுக்கி, ட்ரம்ஸின் அடி எல்லாம் அட்டைப்பெட்டியில் தட்டுவதுபோல் ஆக்கிவிட்டார்கள். அதே வருடம் செப்டம்பரில் வந்த மெட்டாலிக்காவின் 'டெத் மக்னெட்டிக்' அப்படித்தான் வந்தது, ரசிகர்கள் திரும்ப மிக்ஸ் பண்ணித் தாருங்கள் என்று மனுவே போட்டார்கள். இதிலோ மீட்டர் மூச்சு விடுகிறது. 'தேர் வோஸ் எ டைம்' பாட்டில் கூட்டுக்குரல் மெல்லத் தொடங்கும்போது பச்சையில் இரண்டு புள்ளி, பிறகு ஏறி ஏறி, கடைசியில் பக்கெட்ஹெட்டின் கிட்டார் கிளம்பும் இடத்தில்தான் மஞ்சளைத் தொடுகிறது. நான் மிக்ஸரில் சத்தத்தை ஒரு விரல் அகலம் கூட்டினேன். அவ்வளவுதான், முழுக் கொடவுனும் பாட்டாகிவிட்டது.

பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டேன். மாஸ்டரிங், அதாவது சிடிக்குப் போகும் முன் கடைசி ஒலிச் சீரமைப்பு, செய்த பொப் லட்விக் மூன்று விதமாகச் செய்து அனுப்பியிருக்கிறார், நசுக்கின அளவு ஒன்றுக்கொன்று வித்தியாசம். கொஞ்சமும் நசுக்காததை அக்ஸலும் தயாரிப்பில் கூட இருந்த கேரம் கொஸ்டான்ஸோவும் தெரிந்தெடுத்தார்கள். மற்ற சிடிகளுக்குப் பக்கத்தில் வைத்தால் சின்னதாகக் கேட்கும் ஒன்றைத்தான் எடுத்தார்கள். பதினைந்து வருடம் இழுத்த மனிதனைப் பற்றி எல்லோரும் சொன்னதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அந்தக் கொடவுனில், இந்த ஆள் காதால் கேட்டுத்தான் முடிவெடுத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. தாமதம் எல்லாம் சோம்பல் இல்லை தம்பி.

மற்றக் குழுக்களைப் பார்த்தாலும் தாமதம் ஒரே விதமாக வருவதில்லை. டூல் குழு 2006க்குப் பிறகு 2019இல்தான் அல்பம் போட்டது, பதின்மூன்று வருடம், அதில் ஒரு பகுதியைக் காப்புறுதிக் கம்பனியோடு நடந்த வழக்கு தின்றது. அயன் மெய்டன் 'சென்ஜுட்சு'வை 2019இலேயே பதிந்து முடித்துவிட்டு, கொரோனா வந்ததால் 2021 செப்டம்பர் வரைக்கும் பூட்டி வைத்திருந்தது. உங்கள் கூட்டாளி சொல்லும் "முடிந்து பெட்டிக்குள்" என்பதற்கு உண்மையான உதாரணம் அதுதான். த க்யூர் குழு 2008க்குப் பிறகு 2024 நவம்பரில்தான் வந்தது, ஆனால் 2022 டூரிலேயே புதுப் பாட்டுகளை மேடையில் பாடிக் காட்டிவிட்டார்கள், ரசிகர்களுக்கு அல்பம் பாதி மனப்பாடம். கன்ஸ் இவை எதிலும் சேராது. அங்கே தடை வழக்கும் இல்லை, நோயும் இல்லை. அல்பம் இல்லாமலே எல்லாம் நன்றாக ஓடுகிறது, தடை அதுதான்.

டூர் வரப்போகிறதா என்பதை எப்படி முன்கூட்டி அறிவது என்றால், அங்கே எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பெரிய மைதானம் ஒன்றை ஒன்பது மாதம், ஒரு வருடம் முதலே பிடித்து வைப்பார்கள். 'ஹோல்ட்' என்பார்கள். ஒரே நாளுக்கு மூன்று பேர் வரிசையில் ஹோல்ட் போட்டிருப்பார்கள், முதலாமவர் விட்டால் இரண்டாமவருக்கு. எங்கள் கம்பனிக்கு ஒரு மெயில் வரும், குழுவின் பெயர் இருக்காது, மேடையின் அகலம், கூரையில் தொங்கவிட வேண்டிய எடை, மின்சாரம் எத்தனை அம்பியர், இவ்வளவும்தான் இருக்கும். அதைப் பார்த்தே யார் வருகிறார்கள் என்று பழைய ஆட்கள் சொல்லிவிடுவார்கள். மேடையின் இரும்பும் ஸ்பீக்கரும் அந்தந்த நாட்டில் வாடகைக்கு, கிட்டாரும் அம்ப்ளிஃபையரும் குழுவின் சொந்த லைட்டும் விமானத்தில். விமானச் சரக்குக்குக் காசு கொட்டும், அதனால் ஒரு பகுதிக்கு வந்தால் நான்கைந்து ஊரையாவது கோர்த்துத்தான் வருவார்கள். 2025இல் மே முதலாம் திகதி கொரியாவின் இஞ்சனில் தொடங்கி, ஜப்பானின் யோகோஹாமா, மே 17 மும்பாய் மகாலட்சுமி குதிரைப் பந்தயத் திடல், பிறகு வளைகுடா, அதன் பிறகு ஐரோப்பா. மாலையில் பூக் கோர்ப்பதுபோல், கிழக்கிலிருந்து மேற்கே. நீங்கள் பார்க்க வேண்டியது அந்த மாலையைத்தான். ஜப்பான் அல்லது அவுஸ்திரேலியாத் தேதி அறிவித்து, ஐரோப்பாவில் அதற்கு ஒரு மாதம் தள்ளி ஒரு தேதியும் அறிவித்து, நடுவில் இரண்டு கிழமை வெறுமையாக இருந்தால், அந்த வெறுமைக்குள் மும்பாய் இருக்க வாய்ப்பு உண்டு. ட்ரம்ஸ்காரர் மாறினால் அதையும் பாருங்கள். 2025 மார்ச்சில் ஃபிராங்க் ஃபெரர் விலகி ஐசக் கார்ப்பென்டர் வந்தார், புது ஆளை எடுத்துப் பழக்குவது மேடை ஏறத்தான்.

ஸ்டூடியோவில் எடுத்த படம் ஒன்று வந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, டூர் ஒத்திகையும் ஸ்டூடியோவில்தான் நடக்கும். பேட்டியில் "சீக்கிரம்" என்றால் அதற்கு நாள்காட்டி இல்லை. ஆனால் சவுண்ட் செக்கில், அதாவது நிகழ்ச்சிக்கு முதல் மேடையில் ஒலியைச் சரிபார்க்கும்போது, தெரியாத பாட்டு ஒன்று கேட்டது என்று மைதானத்துக்கு வெளியே நின்றவர்கள் பதிந்து போட்டால், அதை நம்புங்கள். நான் எத்தனையோ சவுண்ட் செக்கில் நின்றிருக்கிறேன், மேடையில் வாசிக்காத பாட்டை யாரும் அங்கே நேரம் செலவழித்துப் பழக மாட்டார்கள்.

கொழும்பு போஸ்டருக்கு வருவோம். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. சொந்த நாட்டில் அக்ஸல் மேடை ஏறினால் திருமலையிலிருந்து நடந்தே போவேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். இந்த அளவுக் குழுவுக்கு முற்பணம் டொலரில், நிகழ்ச்சிக்கு முதலே கட்ட வேண்டும், டிக்கெட் காசு வருவதோ ரூபாயில். 2022இல் நம் ரூபாய் விழுந்த பிறகு அந்த இடைவெளி எவ்வளவு பெரிது என்று நம் எல்லோருக்கும் தெரியும். மும்பாயில் நிறையும் திடலை இங்கே அதே டிக்கெட் விலையில் நிரப்ப முடியாது. விலையைக் குறைத்தால் ஏற்பாட்டாளர் தலையில் துண்டு. 2015 டிசம்பரில் என்ரிக்கே இக்லேசியாஸ் கொழும்புக்கு வந்தார்தான், ஆனால் ஒரு பாடகரும் அவருடைய வாத்தியக்காரரும் வருவது வேறு, மூன்று மணி நேரம் முழு ரொக் மேடையோடு வருவது வேறு. அத்தோடு போஸ்டரை உற்றுப் பாருங்கள், ஏற்பாட்டாளர் பெயர் இல்லை, டிக்கெட் விற்கும் இடம் இல்லை, குழுவின் சொந்தப் பக்கத்தில் அந்தத் தேதி இல்லை. முன்பணம் கேட்டு யாராவது வந்தால் கொடுக்காதீர்கள். என் கூட்டாளி ஒருவன் இப்படி ஒரு "முன்பதிவு"க்குக் காசு அனுப்பி, அது போனது போனதுதான்.

மும்பாய் அப்படி இல்லை. 2012 டிசம்பரில் அவர்கள் முதன்முறை இந்தியாவுக்கு வந்து பெங்களூர், மும்பாய், டெல்லிப் பக்கம் என்று மூன்று இடத்தில் வாசித்தார்கள், ஸ்லாஷ் இல்லாத காலம். 2025 மேயில் ஸ்லாஷோடும் டஃபோடும். இடையில் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் போய்விட்டது, அதனால் அடுத்த வருடமே வருவார்கள் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் இந்தியா இப்போது பெரிய டூர்களின் வழியில் விழுந்துவிட்டது, 2025 ஜனவரியில் கோல்ட்ப்ளே மும்பாயிலும் அகமதாபாத்திலும் ஐந்து நாள் வாசித்தார்கள். அடுத்த இடைவெளி முந்தியதுபோல் நீளாது என்பதுதான் என் எண்ணம்.

இங்கேதான் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். மும்பாயில் ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை மழை, திறந்த வெளியில் பெரிய நிகழ்ச்சி வைக்க முடியாது. ஆகவே அங்கே பெரிய ஷோக்கள் பெரும்பாலும் ஒக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை, அல்லது மழைக்கு முன்னால் மே வரைக்கும். நிலாவெளியில் உங்களுக்கு வேலை உச்சம் ஏப்ரலிலிருந்து செப்டம்பர். வாடைக் காற்று தொடங்கி, கடல் கலங்கி, வெள்ளைக்காரர் தெற்குக்குப் போய்விடும் அந்த மாதங்கள்தான் மும்பாயின் சீசன். உங்கள் லீவும் அவர்களுடைய மேடையும் ஒரே காலத்தில் விழுகின்றன. வருடம் முழுக்க லீவைப் பிய்த்துப் பிய்த்து எடுக்காமல் மாரிக்கு என்று ஒரு கிழமையைச் சேர்த்து வையுங்கள். சீசனில் வரும் டிப்ஸில் ஒரு பகுதியைத் தனியே போடுங்கள். டிக்கெட்டைவிட விமானமும் தங்குமிடமும்தான் கடிக்கும், மூன்று பேராகப் போனால் அறைக் காசு மூன்றாகப் பிரியும், அதற்காகவாவது கூட்டாளிமாரோடு சமாதானமாகுங்கள்.

ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. 2017 மார்ச்சில் அவர்கள் டுபாய்க்கு வந்தபோது சம்பளத்தில் மிச்சம் பிடித்து டிக்கெட் வாங்கிப் போனேன். மேடையிலிருந்து தூரம், அக்ஸல் விரல் அளவுதான் தெரிந்தார். புது அல்பம் எதுவும் இல்லாத டூர். 'திஸ் ஐ லவ்' வந்தது, ஸ்லாஷ் இல்லாத காலத்தில் பதிந்த பாட்டு, அசலில் அந்தக் கிட்டாரை வாசித்தவர் ரொபின் ஃபிங்க். அந்த இடத்துக்கு ஸ்லாஷ் வந்தார். சுரம் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் ஒவ்வொன்றையும் கொஞ்சம் பிந்தி, இழுத்து, அழுவதுபோல் வளைத்து வாசித்தார். பதிவில் நூறு தடவை கேட்ட பாட்டு, அன்றைக்கு வேறு பாட்டு. எனக்குப் பக்கத்தில் நின்ற மலையாளி ஒருவர், முன்பின் தெரியாதவர், என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார், பாட்டு முடியும் வரைக்கும் கையை எடுக்கவில்லை. புது அல்பம் வந்தால் நானும் முதல் நாளே கேட்பேன், இப்போதும் ஒரு கண் அதில்தான். ஆனால் அக்ஸலுக்கு அறுபது தாண்டிவிட்டது, ஸ்லாஷுக்கும் தாண்டிவிட்டது. அல்பம் பத்து வருடம் கழித்து வந்தாலும் வீட்டிலிருந்து கேட்கலாம்.

பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று இன்றைக்கே பாருங்கள். பயண நாளில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். இந்திய விசாவுக்கு ஒன்லைனில் விண்ணப்பிக்கலாம், ஆனால் தேதி அறிவித்த பிறகு பாஸ்போர்ட் எடுக்க ஓடினால் டிக்கெட் முடிந்திருக்கும். உங்கள் மூன்று பேரில் யாரிடம் பாஸ்போர்ட் இல்லையோ அவரை முதலில் அனுப்புங்கள்.